மிச்சமிருந்த மிக்ஸ்சரும் முனிக்கு நேர்ந்த கிடாயும்

திருவரங்குளம்,
ஹேவிளம்பி வருஷம், வைகாசி 12.

சிரஞ்சீவி மைத்துனன் வெள்ளைச்சாமிக்கு, உன் அக்காள் அழகியின் புருஷனும் ஓய்வுபெற்ற கோர்ட் அமீனாவுமான குழந்தைசாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. உன் தேக சௌக்கியத்துக்கும், உன் மனைவி மக்களின் சௌக்கியத்துக்கும், திருச்சியில் உன்னைக் கம்பவுண்டராக வைத்துக் காப்பாற்றும் மருந்துக்கடை முதலாளியின் சௌக்கியத்துக்கும் நம்மூர் அம்பாளைப் பிரார்த்திக்கிறேன். இவ்விடம் யாவரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவது முறை. ஆனால் ஆயுசில் பாதியைக் கோர்ட்டில் கழித்தவன் பொய்ப் பிரமாணம் செய்யக்கூடாது. ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இவ்விடம் நலம் இல்லை. காரணம், நீ அனுப்பிய மருந்துப் பாட்டில்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மகள் பெரியநாயகிக்குப் பேசி முடித்த வல்லத்திராக்கோட்டைச் சம்பந்தம் முறிகிற நிலையில் இருக்கிறது. பிள்ளை வாத்தியார் வேலையில் இருக்கிறான், வெற்றிலை கூடப் போடாதவன், இந்தப் பெண்ணும் அவனைப் பார்த்த நாளிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். நீ இக்கடிதம் கண்டவுடன் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, நேரே வல்லத்திராக்கோட்டையில் இறங்கி, பிள்ளையின் தகப்பனார் மலையாண்டியின் காலில் விழுந்து, “குற்றம் என் மிக்ஸ்சர் பேரில், என் மச்சான் பேரில் இல்லை” என்று சொல்லவேண்டியது. சொல்லாவிட்டால் நாளைக்குத் தாய்மாமன் என்று சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலை மிதிக்காதே. இனி விவரம்.

எல்லாம் உன் அக்காளிடமிருந்து ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. கொதிக்கிறது என்று அவள் சொல்கிறாள். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள், கழுத்தில் புறப்பட்டு நெற்றி வரைக்கும் செக்கச்செவேலென்று ஏறும், ரவிக்கை நனைய வியர்த்துக் கொட்டும், நான் குழம்புக்குக் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, கரண்டியைப் போட்டுவிட்டு விசிறியோடு கொல்லைக்கு ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்து, குளிருகிறது என்று போர்வை கேட்பாள். மார்கழிப் பனியில் ஊரே குல்லாய் போட்டுக்கொண்டு கிடக்கும்போது ஜன்னலைத் திற என்கிற பெண்பிள்ளையை நீ பார்த்திருக்கிறாயா? நான் திறப்பேன். திறந்த கை இறங்குவதற்குள் சாத்து என்பாள். ராஜா காலத்திலும் ஜப்தி செய்திருக்கிறேன், சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த பிறகும் ஜப்தி செய்திருக்கிறேன், ஆட்சிதான் மாறியது, அண்டா அதே அண்டாதான். ஆனால் எந்த ஆட்சியிலும் எந்த முன்சீப்பும் ஒரே ஜன்னலுக்கு ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு போட்டதில்லை. இது நடிப்பு என்று தீர்மானித்தேன். அவளிடமும் சொன்னேன். சொன்ன அன்றைக்குச் சோற்றில் உப்பு இல்லை.

இந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு மூக்காயி உள்ளே நுழைந்தாள். உனக்குத் தெரியுமே, நம் தெருவில் எந்த வீட்டில் யார் தும்மினாலும் முதலில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவள். உன் அக்காளின் முகம் சிவந்திருந்ததைப் பார்த்ததும், “ஆத்தா எறங்கிட்டாடி அழகி, அசையாம இரு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் எங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள். அம்மை போட்ட வீடு என்றால் உனக்குச் சொல்லவேண்டுமா, தாளிக்கக்கூடாது, சவரம் கூடாது, வெளியாள் வரக்கூடாது, பெண்டாட்டியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. உடம்பில் ஒரு முத்துக்கூட இல்லையே என்று கேட்டேன். “உள் அம்மை, ஒங்களுக்குத் தெரியாது” என்றாள் மூக்காயி. உன் அக்காளும் மறுத்துப் பேசவில்லை. பேசுவாளா? இளநீர் வந்தது, நுங்கு வந்தது, மோர் வந்தது, விசிறுவதற்கு நான் வந்தேன். அந்த வாரம்தான் ஆலங்குடியிலிருந்து ஒரு நல்ல இடம் பெண் பார்க்க வந்தது. வண்டி வாசலில் நின்றது, வேப்பிலையைப் பார்த்தது, மாட்டைத் திருப்பியது. ஒருவரும் இறங்கக்கூட இல்லை.

அதோடு விட்டால் அடுத்த வண்டியும் திரும்பும் என்று டவுனுக்கு அழைத்துப் போய் லேடி டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடிக் குழாயை நாக்குக்கு அடியில் வைத்து, எடுத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்றார். கேஸ் தள்ளுபடி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“உக்காருங்க, இன்னும் முடியல,” என்றார். “இந்த வயசுல பொம்பளைங்களுக்கு உள்ள இருக்கிற சுரப்பி மெல்ல வேலையை நிறுத்தும். ஹார்மோன்னு ஒரு சத்து கொறஞ்சுபோகும். மூளையில ஒடம்புச் சூட்டைக் கவனிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. இது கொறஞ்சதும் அது தடுமாறிப்போயி, சூடு ஏறாதப்பவே ஏறிப்போச்சுன்னு நெனச்சு வேர்வையைத் தொறந்து விட்டுடுது. அவங்க சொல்றதும் பொய்யில்ல, தெர்மாமீட்டர் சொல்றதும் பொய்யில்ல. கொஞ்ச காலத்துல தானா அடங்கும். அதுவரைக்கும் வீட்டுல இருக்கிறவங்க சும்மா இருந்தாப் போதும்.”

இரண்டு தரப்புச் சாட்சியும் மெய் சொல்கிற கேஸை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூளைக்குள் ஒரு தாலுகா ஆபீஸ் இருக்கிறதாம், அது நெருப்பே பிடிக்காத வீட்டுக்குத் தண்ணீர் வண்டி அனுப்புகிறதாம்! சரி, அதன் மேல் அப்பீல் எங்கே செய்வது என்று கேட்டேன். டாக்டரம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது உன் அக்காள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, “கேட்டீங்கல்ல? பொய்யில்லயாம்” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது உன் பாட்டிலுக்கு வருகிறேன். எனக்கு வயிற்றில் பிடித்துப் பிடித்து இழுக்கிறது என்று சித்திரையில் எழுதினேன் அல்லவா. நீ பெல்லடோனா மிக்ஸ்சர் என்று ஒன்றைக் கலந்து, பாட்டிலின் விலாவில் அளவுக் காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டி, வேளைக்கு ஒரு கோடு என்று எழுதி அனுப்பினாய். அத்தோடு நின்றிருந்தால் நீ கம்பவுண்டர். கூடவே ஒரு கடுதாசி வைத்தாயே, “ஊராருக்குக் கலப்பது வேறு, மச்சானுக்குக் கலப்பது வேறு, பாசத்தோடு கொஞ்சம் தூக்கலாகவே கலந்திருக்கிறேன்” என்று! மருந்து என்ன புளிக்குழம்பா, உறவுக்காரனுக்குத் தூக்கலாக ஊற்றுவதற்கு? இருந்தாலும் உண்மையை மறைக்கமாட்டேன். ஒரு கோடு குடித்ததும் வயிற்றுவலி நின்றது. வாய் உலர்ந்தது, பேப்பரில் எழுத்து கலங்கியது, அதெல்லாம் போகட்டும். இன்னொன்றையும் கவனித்தேன். கத்திரி வெயிலில் ஊரே ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்குப் பொறி தட்டியது. இவளுக்கு வியாதி வியர்வை, என் கையில் இருப்பது வியர்வையை நிறுத்துகிற மருந்து. டாக்டர் படிப்பு படித்தவர்களுக்குத் தோன்றாதது அமீனாவுக்குத் தோன்றியது பார் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்காரர்கள் வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக ஏற்பாடு. சபையில் உட்கார்ந்திருக்கும்போது உன் அக்காளுக்கு முகம் சிவந்து வியர்த்துக் கொட்டினால், தாய்க்கு இருக்கிற சீக்கு மகளுக்கும் வரும் என்று இதுவும் கை நழுவிவிடும். எனக்கு அது ஒன்றுதான் பயம். ஆகவே காலையில் பாட்டிலை நீட்டி, குடி என்றேன்.

“எதுக்கு?”

“வேர்க்காம இருக்கத்தான். ஒன் தம்பி மருந்து.”

“அவன் மருந்துன்னாத்தான் பயமா இருக்கு. மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க. நீங்க பொழச்சுக் கெடந்தா நாங் குடிக்கிறேன்.”

சபைக்குப் பெரிய மனிதர்கள் வருகிற நாளில் ஒரு பெண்பிள்ளை இப்படிச் சவால் விட்டால் நான் ஒரு கோட்டோடு நிற்பேனா? வாரண்டை நிறைவேற்றுகிறவன் பாதி அண்டாவை விட்டுவிட்டு வருகிற வழக்கமில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த அத்தனை கோட்டையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அடியில் தங்கியிருந்த வண்டலையும் தண்ணீர் விட்டு அலசிக் குடித்தேன். பிறகு பட்டுச் சட்டை போட்டு, சரிகை வேஷ்டி கட்டி, தகரப் பந்தலுக்கு அடியில் போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் வந்தார்கள். மலையாண்டி, அவர் சம்சாரம் சின்னப்பிள்ளை, கூட இருபது பேர். தாம்பாளத்தை வைத்தார்கள். அது வரைக்கும்தான் எனக்கு நினைவு. மீதியை மூக்காயியின் வாக்குமூலப்படி எழுதுகிறேன். அவள் கண்ணால் பார்த்ததோடு காதால் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

என் முகம் உன் அக்காள் முகத்தை விடச் சிவந்ததாம். கண்மணி இரண்டும் இலந்தைப்பழம் போல விரிந்ததாம். காற்றில் எதையோ பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டேனாம். திடீரென்று எழுந்து நின்று, கோர்ட்டுக் குரலில், “இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! தாம்பாளம் ஒன்று, குத்துவிளக்கு ரெண்டு, ஜமக்காளம் ஒன்று, ஜப்தி! ஜப்தி!” என்று கத்தினேனாம். ஒருவரும் சிரிக்கவில்லை. வேற்று ஆள் குரலில், கண் நிலைகுத்தி, உடம்பு அனலாகப் பேசினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “அருள் வந்துருச்சு” என்று யாரோ கத்த, சபையே எழுந்து கும்பிட்டதாம். சாம்பிராணியைப் போட்டு என் மூக்குக்கு நேரே பிடித்தார்களாம், சூடம் கொளுத்தினார்களாம், காற்றுப் புக இடமில்லாமல் சுற்றி நெருக்கிக்கொண்டு குறி கேட்டார்களாம். நான் நேரே மலையாண்டியிடம் போய் விரலை நீட்டி, “ஆடு எங்கடா? தொழுவுல கட்டியிருந்த ஆட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்க?” என்றேனாம்.

இதில் சாமியும் இல்லை, சூனியமும் இல்லை. ஜப்திக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஆட்டை ஒளித்து வைப்பார்கள், அமீனா கேட்கிற முதல் கேள்வியே அதுதான். ஆனால் மலையாண்டிக்கு அது தெரியாதே! அந்த மனிதர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்து, “முனியா, மன்னிச்சிரு! ஒனக்கு நேந்துவிட்ட கெடாயை நரி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு நாந்தான் பொய் சொன்னேன். டவுன் கறிக்கடையில வித்துப்புட்டேன் சாமி!” என்று அலறிவிட்டார். முறுக்குக் கொம்போடு கன்றுக்குட்டி உயரம் இருந்த கிடாயை நரி தூக்கிக்கொண்டு போனது என்பதை ஓர் ஊரே நம்பி, அந்த நரியைத் தேடித் தடியோடு மூன்று கண்மாய்க் கரை சுற்றியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இருபது பேரும் அங்கேதான் நின்றார்கள்.

இதற்குள் நான் சரிந்து விழுந்துவிட்டேன். சாமி மலை ஏறுகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, உன் அக்காள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் நெஞ்சில் கை வைத்திருக்கிறாள். “வேர்க்கலையே இந்த மனுசனுக்கு! இந்தக் கொதி கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வை இல்லையே! சாமியுமில்ல பூதமுமில்ல, தள்ளுங்க அங்கிட்டு!” என்று சாம்பிராணிச் சட்டியை எட்டி உதைத்துவிட்டு, என் பட்டுச் சட்டையைக் கிழித்து, காலைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாளாம். ஆண்பிள்ளைகள் தெய்வக் குற்றம் என்று தள்ளி நிற்க, சம்பந்தியம்மாள் சின்னப்பிள்ளைதான் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிவந்து, குடம் குடமாகச் சேந்தி என் தலையில் ஊற்றியிருக்கிறாள். இடையில் இரண்டு குடம் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாளாம். அது ஏன் என்று மூக்காயிக்கே தெரியவில்லை.

கண் விழித்தபோது டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். ஈரப் புடவையோடு, தலை விரிந்து, உன் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியநாயகி என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். செத்துத்தான் போனேனோ என்று நினைத்தேன் வெள்ளைச்சாமி. அதே லேடி டாக்டர் வந்து தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினார். கொண்டுவந்து போட்டபோது நூற்றைந்தாம்.

“ஒடம்புச் சூடு வெளிய போறதுக்கு வேர்வைதான் வாசல். இந்த மருந்து அந்த வாசலைச் சாத்திடும். ஒரு கோடு குடிச்சா வயித்துவலி நிக்கும். பாட்டிலோட குடிச்சுட்டுக் கத்திரி வெயில்ல பட்டுச் சட்டையோட ஒக்காந்தா, இப்படித்தான் மூளையும் சேந்து வேகும். ஒங்க வீட்டம்மாவுக்கு வாசல் கேக்காமத் தொறக்குது. நீங்க இருந்த வாசலையும் வலியப் போய்ப் பூட்டிக்கிட்டீங்க. தண்ணி ஊத்துனது யாரு? அவங்க இல்லேன்னா இந்நேரம் ஒங்களுக்கு வேற சடங்கு நடந்திருக்கும்.”

உன் அக்காள் விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

இதோடு போயிருந்தால் உனக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். சனிக்கிழமை மலையாண்டி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். சந்தையில் புதுக் கிடாய் ஒன்று வாங்கி, மாலை போட்டு, ஆஸ்பத்திரி வாசல் கம்பியில் கட்டிவிட்டு, என் கட்டிலுக்கு எதிரே கைகட்டி நின்றுகொண்டு, “இந்தக் கெடா போதுமா, இன்னும் பெருசாப் பாக்கவா? உத்தரவு ஆகணும்” என்றார். நான் என்ன உத்தரவு போடுவது? விழித்தேன். டாக்டரம்மாள் உள்ளே வந்து, கிடாயை யார் கட்டியது என்று சத்தம் போட்டு, விஷயத்தைக் கேட்டு, நோயாளிகளுக்கு எதிரிலேயே சிரித்துவிட்டார். பேசியது முனியன் அல்ல, பெல்லடோனா என்று விளக்கமும் சொல்லிவிட்டார். மலையாண்டியின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும்.

“அப்ப, ஊருக்கு முன்னால ஒரு பாட்டில் மருந்துகிட்டயா நான் ஒத்துக்கிட்டேன்?” என்றார். “சாமிகிட்ட மானம் போனாப் பரவால்ல. ஒரு அமீனாவோட வயித்துவலி மருந்துகிட்டப் போயிருச்சே! இந்த வீட்டுல நான் சம்பந்தம் பண்ணி, தலைமுறைக்கும் சிரிப்பாச் சிரிக்கவா?” என்று கிடாயை அவிழ்த்துக்கொண்டு போனவர் போனவர்தான். மறுநாள் தாம்பாளத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்துவிட்டது. இன்னும் கொடுக்கவில்லை, பெரியநாயகி அதை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

இப்போது தெரிந்ததா யார் குற்றவாளி என்று? கிடாயை விற்றவர் மலையாண்டி, பொய் அவருடையது. சவால் விட்டவள் உன் அக்காள். வேப்பிலை செருகியவள் மூக்காயி. தூக்கலாகக் கலந்தவன் நீ. இதில் நான் செய்தது மருந்து குடித்தது ஒன்றுதான், அதுவும் வைத்தியத்துக்காக. ஆகவே நீ நேரில் வந்து பாரத்தை ஏற்றுக்கொள். தபால் கிடைத்த அன்றே புறப்படு.

மற்றபடி உன் சம்சாரத்துக்கு என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் முதலாளிக்கு நமஸ்காரம் சொல்லி, உன்னை மருந்து கலக்க விடாமல் சோப்புச் சீப்பு விற்கிற பக்கம் நிறுத்தச் சொல்லவும். எல்லாரும் தீர்க்காயுசோடும் உடம்பில் அளவான சூட்டோடும் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மச்சான்,
கு. குழந்தைசாமி,
அமீனா (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்காள் வாசலில் வந்து நின்றாள். மூக்காயியோடு கீரை பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இருவரும் பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டைக்கே போய் வந்திருக்கிறார்கள். ஆகையால் மேலே எழுதியபடி நீ யார் காலிலும் விழவேண்டியதில்லை. சின்னப்பிள்ளை அம்மாளுக்கும் மூன்று வருஷமாக இதே கொதிப்பாம். புருஷனுக்குப் பயந்து கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாளாம். கிணற்றடியிலேயே உன் அக்காளும் அவளும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார்கள். “மருந்து பேசுச்சோ மரம் பேசுச்சோ, கெடாயை வித்தது நெசந்தானே? மத்த கெடாயெல்லாம் எங்க போச்சுன்னு நான் பேசவா?” என்று சின்னப்பிள்ளை புருஷனைக் கேட்டாளாம். மலையாண்டி உடனே பஞ்சாங்கத்தை எடுத்து நாள் பார்த்தாராம். ஆவணியில் முகூர்த்தம். பெரியநாயகி தாம்பாளத்தைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணத்துக்குச் சம்பந்தியம்மாள்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் பந்தலில் காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்து இளநீர் குடிப்பார்களாம். கொல்லையில் வெட்டுகிற பந்திச் சமையல் அடுப்புகளை ஆண்பிள்ளைகள்தான் கிட்ட நின்று பார்த்துக்கொள்ளவேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். “வருசக்கணக்கா உள்ளுக்குள்ள அடுப்பு எரியுதுன்னு சொன்னோம், நடிப்புன்னீங்க. ஒரு நாளைக்கு வெளிய எரியிற அடுப்புக்கிட்ட நின்னு பாருங்க” என்றாள் உன் அக்காள். சோற்று அடுப்பு மலையாண்டிக்கு, சாம்பார் அடுப்பு எனக்கு. எண்ணெய்ச் சட்டி ஏற்றுகிற பெரிய அடுப்பைத் தாய்மாமனுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பதாக உன்னிடம் சொல்லச் சொன்னாள். அக்காள் என்ற பாசத்தில் விறகைக் கொஞ்சம் தூக்கலாகவே வைப்பாளாம். அவசியம் வந்து சேரவும்.